முதுமையில் ஒரு பழந்துணிக் கடை

மாணவ நண்பர்களே,

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்னும் பழமொழியை நீங்கள் அறிவீர்கள். பிறர் உடுத்துக் களைந்த ஆடையைத் துவைத்துச் செப்பனிட்டு விற்பதும் ஒரு தொழில் என்பதை உங்களுள் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் வணிகர் நம் தெருக்களில் நெடுங்காலமாகக் கூவி வந்துள்ளனர். அரியானா மாநிலத்துப் பானிபட்டு நகரில், பழைய கம்பளி ஆடைகளை நிறவாரியாகப் பிரித்து, நாராக்கி, மீண்டும் நூற்றுப் போர்வை நெய்கின்றனர். ஆகவே இது புதிய தொழிலன்று. முதுமை எய்தியோர் சிறு முதலைக் கொண்டு இதனை நிலையாக நடத்துவது எவ்வாறு என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

தலைமையாசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபின், வீட்டின் முன்னறையில் நானும் என் மனைவியும் இத்தகைய கடை ஒன்றைத் தொடங்கினோம். மொத்த வணிகர் ஒருவரிடம் 200 உருப்படிகள் கொண்ட பொதியைப் பிரித்துப் பாராமலே 8,000 ரூபாய்க்கு வாங்கினேன். உருப்படியின் விலை 40 ரூபாய். விற்பது 100 ரூபாய். ஆதாயம் 60 ரூபாய் என்று கணக்கிட்டேன். முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன் போட்ட கணக்கு அது!

பொதியைப் பிரித்தபோது 80 உருப்படிகள் கறையும் கிழிசலுமாக இருந்தன. எஞ்சிய 120-ஐத் துவைத்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட, உருப்படிக்கு 15 ரூபாயாக 1,800 ரூபாய் செலவாயிற்று. அவற்றுள்ளும் 30 விலை போகவில்லை. விற்ற 90-க்கு வரவு 9,000 ரூபாய். மொத்தச் செலவு 9,800 ரூபாய். எங்கள் உழைப்புக்குக் கூலி இல்லாததோடு, 800 ரூபாய் நஷ்டம். விற்ற ஆடை ஒன்றின் அடக்க விலை 40 ரூபாயன்று. ஏறத்தாழ 109 ரூபாய். விற்காத சரக்கின் விலையையும் விற்ற சரக்கே சுமக்க வேண்டும். இதுவே இவ்வாணிகத்தின் முதல் விதி.

இவ்விதி என் சிறு கடைக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டின் தலைநகரான அக்ராவில் காந்தமாந்தோ என்னும் மாபெரும் பழந்துணிச் சந்தை இருக்கிறது. அங்கும் வணிகர்கள் ஏறத்தாழ 55 கிலோ எடையுள்ள பொதிகளைப் பிரித்துப் பாராமலே வாங்குகின்றனர். பலர் கடன்பட்டு வாங்குகின்றனர். உள்ளே நல்ல ஆடை இருந்தால் பிழைப்பர். இல்லையேல் கடன் ஏறும். 2025 ஜனவரியில் அச்சந்தையின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. சரக்கு எரிந்தபின்னும் கடன் எரிவதில்லை அன்றோ?

இளைஞன் முதலை இழந்தால் மீண்டும் ஈட்டலாம். முதியோர்க்கு அதற்குக் காலம் இல்லை. ஆதலால் முதலைப் பணயம் வைக்காத முறையே அவர்க்கு ஏற்றது. நாங்கள் விலை கொடுத்து வாங்குவதை நிறுத்தினோம். உடையவர் கொண்டு வருவதை விற்றுக் கொடுக்கலானோம். 300 ரூபாய்க்கு விற்றால் உடையவர்க்கு 180, கடைக்கு 120. இரண்டு மாதத்தில் விற்காதது உடையவரிடமே திரும்பிவிடும். எவருடையது, என்ன விலை, எந்த நாளில் வந்தது என்பன ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏறும்.

எல்லாவற்றையும் ஏற்பதும் இல்லை. குழந்தைகள் ஓராண்டில் வளர்ந்து விடுவதால், பட்டுப் பாவாடையும் பள்ளிச் சீருடையும் கிழியுமுன்பே அளவு குறைந்து போகின்றன; இவற்றுக்கு எப்போதும் தேவை உண்டு. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, கழுத்துப்பட்டை, அக்குள், தையல், ஜிப் ஆகியவற்றைப் பார்த்த பின்னரே ஏற்போம். பட்டை ஒரே மடிப்பில் நெடுநாள் வைத்தால் அம்மடிப்பிலேயே இற்றுப்போகும். ஆகவே அவ்வப்போது மடிப்பை மாற்றி வைப்போம். ‘வேண்டாம்’ என்று முகம் கோணாமல் சொல்லக் கற்பதே இத்தொழிலில் கடினமான பாடம்.

பழைய மாணவர் ஒருவர் ஒருநாள் கடையைக் கண்டு, “ஐயா, தங்களுக்கு இந்த நிலை வர வேண்டுமா?” என்று வருந்தினார். “தம்பி, உன் பெண்ணுக்குச் சீருடை எந்த அளவு?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு இரண்டு வாங்கிச் சென்றார்.

ஆனால் இருட்டிய பின்னரே வரும் தாய்மார்களும் உண்டு. வாங்கியதைச் செய்தித்தாளில் பொதிந்து தரச் சொல்வார்கள். அவர்கள் அஞ்சுவது எங்களை அன்று. மறுநாள் வகுப்பில் எழக்கூடிய சிரிப்பை. அச்சிரிப்பு உங்களிடமிருந்து எழாதிருக்கட்டும். துவைத்துச் செப்பனிட்ட ஆடையை உடுத்துவதில் தாழ்வு இல்லை. அதனை நேர்மையாக விற்பதிலும் தாழ்வு இல்லை. அந்தத் தாய்மார்கள் பகலிலேயே எங்கள் கடைக்கு வரும் நாள் உங்கள் கையில் இருக்கிறது.