ஏழு பேர்ச்சஸில் வீடும் விருந்தினர் அறையும்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் சில, கிடைக்கும் காணியில் வீட்டோடு உல்லாசப் பயணிகளுக்கும் ஓர் அறை கட்டலாமா என எம்மிடம் கேட்கின்றன. கட்டலாம். முதலில் நிலத்தைப் பார்ப்போம்.

வயற்காணியா? 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வயலை நிரப்ப முடியாது. நிரப்பினால் கீழ்வயல்காரரின் வாய்க்காலும் அடைபடும். பிறகு ஊரோடு பகை.

மேட்டுக்காணியா? அங்கே பகை தண்ணீர்தான். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தை லயங்களை மண் மூடியது. ஆபத்து என 2005இலேயே எச்சரிக்கை வந்திருந்தது. போக இடமின்றிச் சனம் அங்கேயே இருந்தது. 2025 நவம்பரில் டிட்வா புயலின்போதும் மலையகத்தில் பல இடங்கள் சரிந்தன. ஆகவே, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கைக்கு வருமுன் அத்திவாரம் வெட்ட வேண்டாம். வீட்டுக்கு மேலே கான் வெட்டி, மழைத்தண்ணீரை ஓடைக்குத் திருப்புங்கள். கான் வெட்டத் தோட்டத்து ஆட்களுக்கு நாம் பாடம் நடத்தத் தேவையில்லை! பின்சுவரை வெட்டிய மண்ணோடு ஒட்டிக் கட்டாதீர்கள். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், ஊற்றில் திடீர்க் கலங்கல் கண்டால் அப்போதே வெளியேறுங்கள்.

தோட்ட வீடமைப்பில் முன்னர் வழங்கப்பட்ட 7 பேர்ச்சஸ் ஏறக்குறைய 1,905 சதுர அடி. இந்திய உதவி வீடு 550 சதுர அடி. மிச்சத்தில் கான், மலசலக்குழி, பாதை, மரக்கறிப்பாத்தி எல்லாம் அடங்க வேண்டும். எனவே தனிக்கட்டடம் வேண்டாம். வெளிவாசல் வைத்த ஓர் அறை போதும். பயணி வராத மாதங்களில் மகன் குடும்பம் தங்கலாம்.

உறுதியில் மனைவியின் பெயரும் இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். உறுதி கைக்கு வருமுன் அந்த அறைக்காகக் கடன் வாங்காதீர்கள்.