பாரிஸ் மாநகரும் கட்டட உயரமும்

ஒரு நகரத்தின் செல்வத்தை அதன் கட்டடங்களின் உயரங்கொண்டு அளத்தல் இக்காலத்தார் இயல்பு. நியூயோர்க், சிக்காகோ, சிங்கப்பூர் முதலிய நகரங்களின் படங்களைக் காண்போர் அவற்றின் வானளாவிகளையே முதலிற் காண்கின்றனர். ஆயின், ஐரோப்பியத் தலைநகரங்களுள் முன்வைத்து எண்ணப்படும் பாரிசை உயர்ந்ததோர் இடத்தினின்று நோக்குவார்க்குப் புலப்படும் காட்சி வேறு. ஆறேழு நிலைகளோடு நின்றுவிட்ட வீடுகளும், அவற்றின் சாம்பல் நிறத் துத்தநாகக் கூரைகளுமே கண்ணுக்கெட்டிய தூரம்வரை பரந்து கிடக்கின்றன. நகரின் நடுப்பகுதியில் அக்கூரைகளுக்குமேல் தலைதூக்குவன தேவாலயக் கோபுரங்களும், குவிமாடங்களும், ஈபெல் கோபுரமும், தெற்கே ஒற்றையாய் நிற்கும் மொன்பர்னாஸ் கோபுரமுமே. பொருளும் தொழினுட்பமும் குறைவற்ற இந்நகரில் வானளாவிகள் பெருகாமைக்குக் காரணம் யாது?

இதற்கு விடை கூறுவோர் பலர் நிலத்தின்மேற் பழியைப் போடுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. பாரிசின் மாளிகைகளையும் தேவாலயங்களையும் எழுப்பிய சுண்ணக்கல், பல நூற்றாண்டுகளாக அப்பகுதியின் நிலத்தடியிலிருந்தே வெட்டி எடுக்கப்பட்டது. கல்லை எடுத்தோர் வெற்றிடத்தை விட்டுச் சென்றனர். நகரம் வளர்ந்து அவ்வெற்றிடத்தின்மேற் பரவிற்று. 1774 இல் நகரின் தென்புறத்தில் ஒரு தெரு நெடுந்தூரத்துக்கு அமிழ்ந்துபோயிற்று. அதன் பின்னர், 1777 இல், சுரங்கங்களை ஆராய்ந்து தாங்குசுவர் எழுப்புதற்கெனத் தனித் திணைக்களம் ஒன்றினைப் பதினாறாம் லூயி மன்னனின் அரசு நிறுவிற்று. அத்திணைக்களம் இன்றும் இயங்குகின்றது. எனினும் நிலம் ஒன்றே காரணமாயின் மொன்பர்னாஸ் கோபுரம் எழுந்திருத்தல் இயலாது. 1973 இல் நிறைவெய்திய அக்கட்டடம் 59 மாடிகளோடு ஏறக்குறைய 210 மீற்றர் உயர்ந்து, 70 மீற்றர் ஆழம்வரை இறங்கும் 56 தூண்களின்மேல் நிற்கின்றது. நிலத்தின் குறை கட்டுவோனின் செலவைக் கூட்டிற்றேயன்றி அவன் கையைக் கட்டவில்லை.

அறிவின்மையும் காரணமாகாது. 1889 இல் 300 மீற்றர் உயரத்துக்கு இரும்பினாற் கோபுரம் எழுப்பி, அதில் மக்களை ஏற்றியிறக்கும் மின்தூக்கிகளையும் அமைத்தவர்கள் பாரிஸ் நகரத்தாரே. 1930 வரை மனிதன் கட்டிய எதுவும் அதனை விஞ்சவில்லை.

உண்மைக் காரணத்தைக் காண வேண்டின் வானளாவி தோன்றுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னே செல்லல் வேண்டும். 1667 ஆம் ஆண்டுக் கட்டளையொன்று வீட்டுச் சுவரின் உயரத்தை ஏறத்தாழ 15.6 மீற்றருக்கு வரையறுத்தது. 1783, 1784 ஆம் ஆண்டுகளில் வந்த விதிகளோ அதனினும் நுட்பமானவை. அவை கட்டடத்தின் உயரத்தைத் தெருவின் அகலத்தோடு பிணைத்தன. அகன்ற தெருவில் உயர்ந்த வீடு கட்டலாம். ஒடுங்கிய தெருவில் தாழ்ந்த வீடே கட்டலாம். எதிர்வீட்டின் சுவர் தன் வாசலுக்கு வரும் வெயிலையும் காற்றையும் மறித்தலாகாது என்பதே இவ்விதியின் உட்கிடை. அழகுணர்ச்சி இதிற் பிற்காலத்தே வந்து சேர்ந்தது. முதற்கண் இஃது ஓர் அயல்வீட்டு நியாயமே. 1859 இல், 20 மீற்றரும் அதற்கு மேலும் அகன்ற பெருந்தெருக்களில் முகப்புச் சுவர் 20 மீற்றர்வரை எழலாம் என விதிக்கப்பட்டது. அதற்கு மேலுள்ள கூரை 45 பாகைச் சரிவுக்குள் அடங்குதல் வேண்டும். பாரிஸ் வீடுகளின் தலைப்பகுதி தெருவினின்றும் பின்வாங்கிச் சாய்ந்திருத்தல் இவ்விதியின் விளைவாம். அச்சரிவின் உள்ளே பணியாட்களுக்குரிய சிற்றறைகள் அமைந்தன.

இவ்விதிகள் வருத்தமின்றி நிலைத்தமைக்கு மனிதனின் கால்களும் துணைநின்றன என்க. மின்தூக்கியில்லாக் காலத்தில் ஆறாம் மாடிக்குப் படியேறுதல் எளிதன்று. ஆகவே தெருவுக்கு ஓரிரு நிலை மேலேயுள்ள தளத்திற் செல்வர் வாழ, படிகள் கூடக்கூட வாடகை குறைந்து, கூரையடி ஏழைகளின் பங்காயிற்று. உச்சி மாடி பெருமைக்குரியதாகியது மின்தூக்கி வந்த பின்னரே. அதனால், சட்டம் தடுத்த உயரத்தை வீட்டுக்காரனும் பெரிதாய் விரும்பினானல்லன்.

இனிக் காலமுறையை நோக்குவோம். இவ்விடயத்தின் முடிச்சு இங்கேதான் உள்ளது. 1853 முதல் 1870 வரை சேன் மாவட்ட அதிபராயிருந்த ஒஸ்மான், மூன்றாம் நெப்போலியனின் ஆணைப்படி பழைய நெருக்கமான குடியிருப்புகளை இடித்து அகன்ற பெருந்தெருக்களைத் திறந்தார். இருமருங்கும் ஒரே உயரத்தில் உறுதியான கல்வீடுகள் எழுந்தன. மக்கள் ஏறும் மின்தூக்கி 1857 இல் நியூயோர்க்கின் கடையொன்றிற் பொருத்தப்பட்டிருந்ததாயினும், கட்டடத்தின் பாரத்தைச் சுவருக்குப் பதிலாக உலோகச் சட்டகம் தாங்கும் முறை சிக்காகோவில் 1885 இலேதான் பத்துமாடிக் கட்டடமாக உருப்பெற்றது. சிக்காகோவின் நடுப்பகுதியை 1871 ஆம் ஆண்டின் பெருந்தீ அழித்திருந்தது. புதியமுறை வந்தபோது அங்கே நகரம் இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பாரிசிலோ நடுப்பகுதியின் பெரும்பாகம் அப்பொழுதுதான் கட்டி முடிந்திருந்தது. இருபது முப்பது ஆண்டுகளே கடந்த நல்ல கல்வீட்டை இடிப்பார் யாவர்? பின்னர் 1938 இல் அடுக்குவீடுகளின் கூட்டுரிமையைச் சட்டம் ஒழுங்குபடுத்தியது. மாடிகள் தனித்தனியே பலர் கைக்கு மாறிய வீடுகளில், அத்தனை பேரையும் ஒருங்கே இசைவித்து ஒரு தெருத்தொகுதியை வாங்குதல் மேலும் அரிதாயிற்று.

இடித்துவிடலாம் என்று துணிந்தவரும் இல்லாமலில்லை. 1925 இல் லெ கொர்பூசியே என்னும் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர், சேன் நதியின் வலது கரையிற் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு அறுபது மாடிக் கோபுரங்கள் பதினெட்டினை நிறுத்துமாறு ஒரு திட்டத்தைக் காட்சிக்கு வைத்தார். அது தாளோடு நின்றது. 1943 ஆம் ஆண்டுச் சட்டம் வரலாற்றுச் சின்னங்களைச் சூழ 500 மீற்றருக்குள் அரசின் கட்டடக்கலைஞருடைய இசைவைக் கட்டாயமாக்கியது. சின்னங்கள் மலிந்த பாரிசில் இத்தகைய வட்டங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. எனினும் 1960 களில் விதிகள் தளர்ந்தன. தென்புறப் பகுதிகள் சிலவற்றிற் கோபுரங்கள் எழுந்தன. அவற்றுள் நகரத்தாரின் வெறுப்பை மிகுதியாய்ப் பெற்றது மொன்பர்னாஸ் கோபுரமே. 1974 இல் குடியரசுத் தலைவரான ஜிஸ்கார் டெஸ்தான் எஞ்சிய கோபுரத் திட்டங்களை நிறுத்தினார். 1977 ஆம் ஆண்டு நகரத்திட்டம் நடுப்பகுதிக்கு 25 மீற்றர், புறப்பகுதிக்கு 37 மீற்றர் என எல்லை வகுத்தது.

விலக்கப்பட்ட உயரம் மறைந்துவிடவில்லை. எல்லைக்கு வெளியே சென்றது. நகரின் மேற்குப் புறத்தே லா டிபான்ஸ் என்னும் இடத்தில் 1958 இலேயே அரசு நிறுவனமொன்று வணிகக் கோபுரங்களுக்கான நிலத்தை ஆயத்தஞ் செய்யத் தொடங்கியிருந்தது. 1972 இல் அக்கோபுரங்கள் வெற்றி வளைவின் பின்னணியில் எட்டிப் பார்க்கின்றன எனப் பத்திரிகைகளிற் பெரும் பூசல் விளைந்தது. எனினும் அலுவலகங்களுக்குப் புகலிடம் அங்கே கிடைத்தமையாற்றான் உள்நகரின் கூரைகள் தப்பின எனல் பொருந்தும்.

தாழ்ந்த நகரம் மக்கள் அருகிய நகரம் எனக் கருதுவோர் உளர். இது தவறு. 105 சதுர கிலோமீற்றர் பரப்பில் ஏறக்குறைய 21 இலட்சம் மக்கள் வாழும் பாரிசிற் சதுர கிலோமீற்றருக்கு 20,000 பேர் உளர். நியூயோர்க் நகரம் முழுமைக்கும் அக்கணக்கு 11,000 அளவிலேயே வரும். மன்ஹற்றன் தீவைத் தனியே எடுப்பின் அது பாரிசை விஞ்சும். இடைவெளியின்றி ஒட்டிநிற்கும் ஆறேழு மாடி வீடுகள் கொள்ளும் மக்கள் தொகை நாம் நினைப்பதினும் பெரிது. ஆயினும் விலை கொடாது பெற்ற அழகன்று இது. 1921 இல் 29 இலட்சத்தை எட்டிய மக்கள்தொகை அதன்பின் தேய்ந்தது. குடும்பங்கள் சிறுத்தமை போன்ற வேறு காரணங்களும் அதற்குண்டு. ஆனால் மேல்நோக்கி வளர மறுக்கும் நகரில் இருக்கும் அறைக்கு விலை ஏறுதல் இயல்பே. அந்நகரத்துப் பாடசாலைகளிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரிவோர் பலர் நாள்தோறும் புறநகர்களிலிருந்து வந்து மீள்கின்றனர்.

வீட்டுப் பஞ்சத்தைக் காட்டியே 2010 ஆம் ஆண்டளவில் மாநகர சபை எல்லையோரத்து இடங்கள் சிலவற்றில் உயர வரம்பைத் தளர்த்த முற்பட்டது. 2018 இல் வடமேற்கெல்லையில் 160 மீற்றர் உயரமான புதிய நீதிமன்றம் திறக்கப்பட்டது. தெற்கெல்லையில் 180 மீற்றர் உயரமான முக்கோணக் கோபுரத்தை 2014 இற் சபை நிராகரித்து, மறு ஆண்டிலேயே சிறிது மாற்றத்துடன் ஏற்றது. 2022 இல் வேலை தொடங்கிற்று. அதில் அமைவன பெரும்பாலும் அலுவலகங்களே என்பதை எதிர்த்தோர் சுட்டிக்காட்டத் தவறவில்லை. 2023 இல் மாநகர சபை 37 மீற்றர் வரம்பை மீண்டும் ஏற்றது. முன்னரே அநுமதி பெற்றிருந்தமையால் முக்கோணக் கோபுரத்தை அவ்விதி தீண்டவில்லை.