நாற்காலிச் சிற்பி

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் பலர். இராசகிரியில் ஏறி, கலியாண மகாலைப் பார்த்து, களஞ்சியத்தை வியந்து திரும்புவர். அதே வட்டாரத்திலே தளவானூர் என்றோர் ஊர் இருப்பதை அறிந்தோர் சிலரே. அங்கே மலையைக் குடைந்து செய்த கோயிலொன்று உண்டு. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. வயது ஏறக்குறைய 1,400 ஆண்டு. அரசனின் பட்டப்பெயரான சத்ருமல்லன் என்பதை வைத்து, சத்ருமல்லேசுவரம் என்று பெயர்.

தோழர்களே, அதன் எதிரே ஒரு தச்சுத் தொழிலாளியை நிறுத்திப் பாருங்கள். அவர் புராணம் பேசமாட்டார். "இது எங்கள் வேலையல்லவா!" என்பார். தூணின் அடியும் தலையும் சதுரம். நடுவிலே மூலைகளைச் சீவி எட்டுப்பட்டை. மரத்தூணை வாய்ச்சியால் சீவிப் பழகிய கையின் வேலை அது. தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே போதிகை. மரவீட்டிலே பாரந்தாங்கத் தச்சன் கொடுத்த கட்டை. மலையைக் குடைந்தவனுக்கு அது எதற்கு? மலை தன்னைத் தானே தாங்கிக்கொள்ளுமே! ஆனாலும் வைத்தான். மரத்தில் கண்டதைத்தான் கல்லில் செய்யத் தெரிந்தது அவனுக்கு.

அருகிலுள்ள மண்டகப்பட்டில் இதே மன்னன் ஒரு கல்வெட்டு வெட்டுவித்தான். செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுண்ணம் இன்றிக் கோயில் எடுத்ததாகப் பெருமை பேசுகிறது அது. மரம் வேண்டாமென்றான் மன்னன். தச்சன் போட்ட வடிவத்தை அவனால் விட முடியவில்லை! கல் நின்றது, மரம் மக்கிற்று. மன்னன் பெயரை நாம் படிக்கிறோம். அந்த எட்டுப்பட்டையை முதன்முதலில் மரத்திலே சீவியவன் பெயரை எந்த ஏட்டில் தேடுவது?

கல்லைக் கொத்துகிறவரைச் சிற்பி என்கிறோம். நாற்காலி செய்கிறவரை மட்டும் "ஏ ஆசாரி!" என்கிறோம். ஏன் இந்த வேறுபாடு?

நல்ல நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். ஆணி இராது. காலிலே துளை, சட்டத்திலே கழுந்து. ஒன்றுக்குள் ஒன்று கொட்டாப்புளியின் இரண்டு தட்டில் இறங்கி நிற்கும். மயிரிழை தளர்ந்தால் ஆறு மாதத்தில் ஆட்டங்காணும். மயிரிழை இறுகினால் கால் பிளந்துபோகும். மாரிக்காலத்தில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும். இரண்டுக்கும் இடங்கொடுத்துத் தச்சர் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கு எந்தப் பள்ளியிலும் அவருக்குச் சொல்லித் தரப்படவில்லை. முதுகு சாயும் சட்டத்தை நேர்ப்பலகையிலிருந்து வளைவாக எடுக்கும்போது, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்துத்தான் உளி வைப்பார். ரேகைக்குக் குறுக்கே வளைத்தால், கனத்த மனிதர் ஒருவர் சாய்ந்த அன்றே முறியும். சிலையைத் தொடாதே என்று பலகை எழுதி வைக்கிறார்கள். இதுவோ தொடவும் சாயவும் தாங்கவும் என்றே செய்த சிற்பம். சிலை தவறினால் அழகு கெடும். நாற்காலி தவறினால் ஆள் விழுவான்!

இதை உணர்ந்தவர் ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்தார். ஜார்ஜ் நாகசிமா, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர், கட்டடக் கலைஞர். 1937-ல் புதுவைக்கு வந்து, ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி கட்டும் பணியில் இருந்தார். அந்த விடுதிக்குத் தேக்கு மரச் சாமான்களையும் வடிவமைத்தார். அமெரிக்கா திரும்பியவரை 1942-ல், ஜப்பானிய இரத்தம் என்ற ஒரே குற்றத்துக்காக, மனைவி, கைக்குழந்தையுடன் முகாமில் அடைத்தார்கள். அங்கே உடனிருந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம் உளி பிடிக்கக் கற்றார், படித்துப் பட்டம் பெற்ற அந்தக் கட்டடக் கலைஞர்! பின்னாளில் அவர் செய்த மேசை நாற்காலிகள் அருங்காட்சியகங்களில் இடம்பெற்றன.

இனி வேறொரு கதை. சண்டிகர் நகரம் எழுந்தபோது, அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கும் பிரம்பும் கொண்டு ஆயிரக்கணக்கில் நாற்காலிகள் செய்தார்கள். வடிவம் பியர் ஜான்னரே என்ற சுவிட்சர்லாந்துக்காரருடையது. இழைத்தவை நம் நாட்டுத் தச்சர்களின் கைகள். காலம் போயிற்று, உடைசல் என்று மாடியிலே குவித்தார்கள், பழைய சாமான் விலைக்கு ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு வணிகர்கள் வாங்கிப் போய், பழுது பார்த்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்றார்கள். பல இலட்ச ரூபாய் விலை! விழித்துக்கொண்ட மத்திய அரசு 2011-ல் தடை ஆணை பிறப்பித்தது. ஏலப் பட்டியலிலே வடிவமைத்தவர் பெயர் பெரிய எழுத்தில் மின்னுகிறது. இழைத்தவர் பெயரா? கேட்டுப் பாருங்கள், கையை விரிப்பார்கள்.

நம் பக்கத்தில் ஓரளவு நல்ல செய்தி உண்டு. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020-லும், கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்தது கள்ளக்குறிச்சி. ஆகவே செஞ்சிக்காரர்களும் கொஞ்சம் பெருமைப்படலாம். ஆனால் குறியீடு ஊருக்குத்தான். உளி பிடித்த ஆளுக்கு நாட்கூலிதான்.

இயந்திரத்தைப் பழிப்பது நம் வேலையன்று. மரம் அறுத்து முதுகொடியும் பாட்டை இயந்திரம் ஏற்கட்டும், வரவேற்போம். ஆனால் ஒரே அச்சில் பூவும் கொடியும் குடைந்து தள்ளும் பொறியைக் காட்டி, "அதே பூ அங்கே பாதி விலை" என்று கைவேலைக்காரரின் கூலியைக் குறைக்கிறார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

எங்கள் வீட்டிலே பூவரச மரத்து நாற்காலி ஒன்று உண்டு. என் தந்தை காலத்தில் எங்களூர் ஆசாரி செய்தது. கூலி நெல்லாகக் கொடுக்கப்பட்டது. செய்து முடித்துத் திண்ணையில் வைத்துவிட்டு, "உட்கார்ந்து பாருங்க" என்று அவர் தள்ளி நின்றாராம். அதில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. உட்காரச் சொன்னவரும் இல்லை. கைப்பிடி தேய்ந்து வழவழத்துவிட்டது, கழுந்து இன்னும் தளரவில்லை. அவர் பெயரை வீட்டிலே யாரைக் கேட்டாலும் "ஆசாரி" என்றே சொல்கிறார்கள்.

அடுத்த முறை உங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு நாற்காலி வாங்கும்போது, கடைக்கு ஓடுமுன் உள்ளூர்த் தச்சரிடம் விலை கேளுங்கள். பேரம் பேசுமுன் எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் இருக்கையின் அடியிலே அவர் பெயரையும் ஆண்டையும் அவர் கையாலேயே செதுக்கச் சொல்லுங்கள். முதலில் அவர் அதில் உட்காரட்டும்.