மனோவியாதியும் நமது கடமையும்

காய்ச்சல் கண்டவனைப் பார்த்து, "மனத்தைத் திடப்படுத்திக் கொள், சரியாய்ப் போய்விடும்" என்று நாம் சொல்லுவதில்லை. வைத்தியரிடம் அழைத்துச் செல்லுகிறோம். ஆனால், இனந்தெரியாத பீதியினால் வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல் ஒருவன் நடுங்கும்போதும், எதிலும் பற்றின்றி மாதக்கணக்கில் ஒருத்தி சோர்ந்து கிடக்கும்போதும், மேற்படி உபதேசத்தைத் தாராளமாக வழங்குகிறோம். உபதேசம் பலிக்காவிட்டால் கோழை என்றும் சோம்பேறி என்றும் பட்டம் சூட்டுகிறோம். சம்பந்தம் தட்டிப்போகும் என்று அஞ்சிக் குடும்பத்தாரும் விஷயத்தை மூடி மறைக்கின்றனர்.

இது யாரோ சிலருடைய கஷ்டம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் 2015-16இல் 12 ராஜ்யங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 100க்கு 10.6 பேர் ஏதேனும் ஒருவகை மனோவியாதியால் பீடிக்கப்பட்டிருந்ததாகத் தெரிய வந்தது. மனச்சோர்வு, பீதி முதலிய சாதாரண வியாதிகளுக்கு ஆளானவர்களில் 100க்கு 85 பேர் சிகிச்சை பெறாமலே இருந்தனர். தேக வியாதி எதிலாவது இந்த நிலைமை நேர்ந்திருந்தால் தேசம் பொறுத்திருக்குமா?

இவ்வியாதிகள் தலைவிதியும் அல்ல, குணக்கேடும் அல்ல. மனோதத்துவ சாஸ்திரிகள் இவற்றின் போக்கை நூறாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர். 1920இல் அமெரிக்காவில் வாட்ஸன் என்பவர், வெள்ளெலியைக் கண்டு சிறிதும் அஞ்சாத ஒரு குழந்தை அதைத் தொடப்போன போதெல்லாம் பின்னால் இரும்புத் துண்டை ஓங்கி அடித்து ஓசை எழுப்பினார். சில தடவைக்குப் பிறகு எலியைக் கண்ட மாத்திரத்தில் குழந்தை அழுதது. பயம் கற்றுக்கொள்ளப்படுவது என்பது இதனால் விளங்கிற்று. ஆனால் அந்தப் பரீட்சை இரக்கமற்றது. இன்று எந்த ஸ்தாபனமும் அதை அனுமதிக்காது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயலை நாளுக்கு நாள் சற்று அருகில் கொண்டு வந்தார். முடிவில் சிறுவன் முயலைத் தடவிக் கொடுத்தான். கற்ற பயத்தை மறக்கவும் கற்கலாம்!

பயத்தை வளர்ப்பது எது? ஒதுங்குதல்தான். பஸ்ஸில் ஒரு நாள் மார்பு படபடத்து மூச்சு முட்டியவன், மறுநாள் பஸ் ஏறுவதில்லை. ஏறாததனால் நிம்மதி உண்டாகிறது. அந்த நிம்மதியே பயத்துக்கு உரமாகிறது. பஸ்ஸுக்கு அஞ்சியவன் பிறகு கடைத்தெருவுக்கு அஞ்சுகிறான். கடைசியில் திண்ணைக்கு வரவும் அஞ்சுகிறான். மனச்சோர்வின் கதையும் ஏறக்குறைய இதுவே. சோர்ந்தவன் வேலையையும் நண்பரையும் விட்டு விலகுகிறான். விலக விலக மகிழ்ச்சிக்கு இடமில்லாமற் போகிறது. சோர்வு மேலும் முற்றுகிறது. தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் இருண்ட எண்ணங்களே அவனுக்குத் தாமாகத் தோன்றுகின்றன என்பதை ஆரன் பெக் என்ற அமெரிக்க வைத்தியர் 1960க்குப் பிந்திய ஆண்டுகளில் எடுத்துக் காட்டினார்.

நோயின் வழி தெரிந்தால் மருந்தின் வழியும் தெரியும். அஞ்சியதைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்தல். விட்டுவிட்ட காரியங்களைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்கச் செய்தல். இருண்ட எண்ணத்தைச் சாட்சி விசாரிப்பதுபோல் விசாரித்து, அது மெய்தானா என்று பார்க்கச் செய்தல் - பேச்சுச் சிகிச்சையின் சாரம் இவ்வளவே. "தைரியமாயிரு" என்ற வெறும் உபதேசத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. உபதேசம் மலையுச்சியைக் காட்டி நின்றுவிடுகிறது. சிகிச்சை படி வெட்டிக் கொடுக்கிறது.

இதற்கெல்லாம் நிபுணர்களுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். கோவாவில் விடை கிடைத்திருக்கிறது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில், கடும் மனச்சோர்வுடையவர்கள் 495 பேரைக் கொண்டு டாக்டர் விக்ரம் படேலும் அவரது சகாக்களும் ஒரு பரீட்சை நடத்தினர். சிகிச்சை அளித்தவர்கள் வைத்தியர்களல்லர். பயிற்சி பெற்ற சாமானிய உள்ளூர்வாசிகள். ஆறு முதல் எட்டு அமர்வுகளில் சிகிச்சை முடிந்தது. மூன்று மாதத்துக்குப் பின் பார்த்தபோது, இச்சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 64 பேர் சோர்வு நீங்கியிருந்தனர். மற்றவர்களில் 39 பேரே அவ்வாறிருந்தனர். முடிவுகள் லான்ஸெட் பத்திரிகையில் 2017இல் வெளியாயின.

"பசித்தவனுக்கும் கடன்பட்டவனுக்கும் பேச்சுச் சிகிச்சையா?" என்று நண்பர்கள் கேட்பது நியாயமே. வறுமையும் கடனும் குடியும் மனத்தை நொறுக்குகின்றன என்பதில் ஐயமில்லை. அவற்றை ஒழிக்கும் போராட்டத்துக்குச் சிகிச்சை மாற்றாகாது. ஆனால் கடன் தீரும் வரையில் கடனாளி உயிரோடும் தெம்போடும் இருக்கவேண்டாமா? சோர்ந்தவன் தன் உரிமைக்காகப் போராடவும் எழமாட்டான். சித்தப்பிரமை போன்ற கொடிய வியாதிகளுக்கு மருந்தும் வைத்தியரும் அவசியம் என்பதையும் நாம் மறக்கவில்லை.

2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், சர்க்கார் நடத்தும் ஸ்தாபனங்களில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளித்திருக்கிறது. ஏட்டிலுள்ள உரிமை ஏழையின் வாசலுக்கு வரவேண்டுமானால், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இத்தகைய பயிற்சி பெற்ற ஒருவரேனும் இருக்கவேண்டும். பஞ்சாயத்திலும் நகரசபையிலும் சட்டசபையிலும் நமது ஊழியர்கள் இதைக் கேட்கட்டும். கிடைக்கும் வரையில் கேட்கட்டும். சர்க்காரைக் கேட்குமுன் நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. நம் வீட்டில் சோர்ந்து கிடப்பவரைக் கோழை என்று சொல்லும் வழக்கத்தை இன்றே விட்டொழிப்போம். அதற்குச் சட்டமும் வேண்டாம்; செலவும் இல்லை.