கழிவுநீரைக் கடலில் சேர்க்கும் குழாய்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நூற்பாலைகளோடும் மருத்துவத் துணி நெய்யும் தறிகளோடும் விளங்கும் ராஜபாளையத்துக்கும், ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சமுத்திரம் வெகுதூரமே ஆயினும், இவ்விரு ஊர்களும் வைப்பாற்று வடிநிலத்தில் இருப்பதாலும், வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலப்பதாலும், கடலோர நகரங்கள் தம் கழிவுநீரைக் குழாய் வழியே கடலுக்கு அனுப்பும் விதத்தை நாமும் அறிந்துகொள்வது அவசியமாகிறது.

கரையிலேயே விட்ட கழிவுநீரை அலைகள் கரைக்கே திருப்பிக் கொணர்ந்துவிடும். ஆகவேதான் மும்பை நகரத்தார் வொர்லியிலும் பாந்த்ராவிலும் கடற்படுகைக்குக் கீழே பாறையைக் குடைந்து, முறையே 3.4, 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கங்களை அமைத்தார்கள். சுரங்கம் வேண்டாத இடங்களில், பாலிஎதிலீன் குழாய்களைக் கரையில் உருக்கி ஒட்டி, இரு முனைகளையும் அடைத்து, கான்கிரீட் பாரங்களைப் பூட்டிக் கடலில் மிதக்கவிட்டு இழுத்துச் சென்று, ஒரு முனையிலிருந்து சிறிது சிறிதாக நீரை உட்செலுத்தி அடியில் அமர்த்துகிறார்கள். குழாய் வளைந்து முறியாதபடி அமைதியான கடலில் நிதானமாகச் செய்ய வேண்டிய காரியம் இது.

குழாயின் கடைசிப் பகுதியில் வரிசையாகப் பல துவாரங்கள் உண்டு. உப்பு குறைந்த கழிவுநீர் கடல்நீரைவிட இலேசானதாகையால், அத்துவாரங்களினின்று பீறிட்டு மேலெழும்பும்போதே பன்மடங்கு கடல்நீரோடு கலந்து நீர்த்துப்போகிறது. நமது கிழக்குக் கரையிலோ பருவக்காற்றுக்கு ஏற்ப நீரோட்டம் திசை மாறுவதால், எல்லாப் பருவங்களிலும் அதை அளந்து பாராமல் இடத்தை நிர்ணயிப்பது பெரும் பிழையாகும்.

குழாய் சுத்திகரிப்புக்குப் பிரதியாகாது என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2000ஆம் ஆண்டு முதல் சுமார் 15 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியே அனுப்புவது நுண்ணுயிர்களால் சுத்திகரிக்கப்பட்ட நீர். மும்பையின் அவ்விரு சுரங்கங்களிலோ, குப்பையை வடித்து மணலை நீக்கிய அளவிலேயே நெடுங்காலம் கழிவுநீர் கடலுக்குச் சென்றது.

பவளப்பாறைகளும் ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல் வெளிகளும் நிறைந்து, 21 தீவுகளோடு 1986இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட மன்னார் வளைகுடாவை நோக்கி நம் ஊர்களிலிருந்து குழாய் இழுக்க நினைப்பது, என் அபிப்பிராயத்தில், கடலுக்கும் கேடு, நீரும் வீண் என இருவகை நஷ்டமாகும். திருப்பூர்ச் சாயக்கழிவில் கரைந்துள்ள உப்பை நீக்குவது மிகக் கடினமாயிருப்பதால், அங்கே கடலுக்குக் குழாய் போடும் யோசனை எழுந்ததில் வியப்பில்லை; நம் வீடுகளின் கழிவுநீரிலோ அவ்வளவு உப்பு கிடையாது. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் பயிருக்கு உணவு. முறையாகச் சுத்திகரித்தால், மழை பொய்த்த ஆண்டிலும் தீவனப் பயிருக்கும் தோப்புகளுக்கும் அந்நீர் இங்கேயே உதவும்.