ஒரு காதில் இசை, ஒரு காதில் குரல்

கடந்த பருவத்தில் ஒருநாள், விடுதியிலிருந்து விரிவுரைக்குச் செல்லும் பேருந்தில் பீட்டில்ஸ் குழுவின் முதல் இசைத்தொகுப்பான ‘பிளீஸ் பிளீஸ் மீ’யைக் கேட்டுக்கொண்டு போனேன். கிதார் கணீரென்று ஒலித்தது. டிரம்ஸ் தெளிவாகக் கேட்டது. பாடுபவரின் குரல் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் மெல்லியதாக இருந்தது. பாட்டுத்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கெட்டுப்போனது என் இயர்போனின் வலப்பக்கம்!

இடப்பக்கம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அப்படியானால் குரல் எங்கே போனது? பாடலின் பெயருக்கு அருகில் ‘ரீமாஸ்டர்டு 2009’ என்று எழுதியிருந்தது. நவீனக் கருவிகளைக் கொண்டு செம்மைப்படுத்திய ஒரு தொகுப்பில் குரலை ஒரு காதிலும் இசையை மறு காதிலும் பிரித்துப் போட்டுவிட்டு, அதைச் சரிசெய்யாமல் விட்டது ஏன்? இக்கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரே நாளில் பத்துப் பாடல்கள்

1963 பிப்ரவரி 11. லண்டன் அபி ரோட்டில் உள்ள இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக்கூடம். காலையில் உள்ளே நுழைந்த நான்கு இளைஞர்கள் இரவு வெளியே வந்தபோது பத்துப் பாடல்கள் பதிவாகியிருந்தன. ஏற்கனவே இரண்டு சிறு இசைத்தட்டுகளில் வெளிவந்திருந்த நான்கு பாடல்களையும் சேர்த்து, மொத்தம் 14 பாடல்களுடன் தொகுப்பு மார்ச் 22-இல் வெளிவந்தது. அவற்றுள் எட்டு அவர்களே எழுதியவை, ஆறு பிறருடையவை. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். ஒலிப்பதிவாளர் நார்மன் ஸ்மித். பிரிட்டனில் அத்தொகுப்பு 30 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

அன்று ஜான் லெனனுக்குக் கடுமையான சளி. தொண்டையைக் கிழிக்கும் ‘டுவிஸ்ட் அண்ட் ஷவுட்’ பாடலை முன்னதாகப் பாடினால் குரல் போய்விடும் என்று அதைக் கடைசிக்கு வைத்தார்கள். தொகுப்பில் நாம் கேட்பது அவர் முதல்முறை பாடியதுதான். இரண்டாம் முறை முயன்றபோது அவரிடம் குரலே இல்லை.

இரண்டு தடங்களின் கதை

இன்று ஒரு பாடலுக்கு நூறு தடங்கள்கூடப் பதிவு செய்யலாம். அன்று அவர்கள் பயன்படுத்திய ஒலிநாடாவில் இருந்தவை இரண்டே தடங்கள். ஒன்றில் வாத்தியங்கள், மற்றொன்றில் குரல்கள். இப்படிப் பிரித்ததன் நோக்கம் ஸ்டீரியோ அன்று. பிற்பாடு இரண்டையும் ஒன்றாகக் கலக்கும்போது குரலைக் கூட்டவோ குறைக்கவோ வசதியாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். அக்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட மோனோ பெட்டிதான், வானொலியும் மோனோதான். ஆகவே இசையும் குரலும் ஒன்றாகக் கலந்த மோனோ வடிவமே அவர்கள் கவனத்துடன் செய்த வடிவம். ஸ்டீரியோ தட்டுக்கோ அதே இரண்டு தடங்கள் இடமாகவும் வலமாகவும் வைக்கப்பட்டன.

என் பேருந்துப் புதிருக்கு விடை இதுதான். இடக்காதில் எனக்குக் கேட்டது வாத்தியத் தடம். மெல்லியதாகக் கேட்ட குரலோ, நால்வரும் ஒரே கூடத்தில் வாசித்துக்கொண்டே பாடியதால் வாத்தியங்களுக்கு வைத்த ஒலிவாங்கிகளில் கசிந்து விழுந்த குரல்!

ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு

ரீமிக்ஸ் என்றதும் பழைய திரைப்பாடலுக்குப் புதுத் தாளம் போடுவதுதான் நம் நினைவுக்கு வரும். உண்மையில் தனித்தனித் தடங்களை எடுத்து, எது முன்னால், எது பின்னால், எது இடம், எது வலம் என்று புதிதாகக் கலப்பதே ரீமிக்ஸ். ரீமாஸ்டரிங் அப்படியன்று. கலந்து முடித்த மூல நாடாவை எடுத்து, அதிலுள்ளதை இயன்றவரை முழுமையாகப் புதிய ஊடகத்துக்கு மாற்றும் வேலை அது. சமைத்த குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றலாம்; அதிலிருந்து உப்பை மட்டும் தனியே எடுக்க முடியாது.

பீட்டில்ஸ் தொகுப்புகள் 1987-இல் முதன்முதலாகக் குறுந்தட்டில் வந்தபோது, முதல் நான்கு தொகுப்புகளும் மோனோவில் மட்டுமே வந்தன. அதன் பின்னர் அபி ரோட் கூடத்தின் பொறியாளர் குழு ஒன்று நான்கு ஆண்டுகள் உழைத்து எல்லாத் தொகுப்புகளையும் செம்மைப்படுத்தியது. 2009 செப்டம்பர் 9-இல் அவை ஸ்டீரியோவிலும், தனிப் பெட்டியாக மோனோவிலும் வெளிவந்தன.

அவர்கள் வேலை செய்த முறை என்னை வியக்க வைத்தது. மூல நாடாவை ஒவ்வொரு பாடலாக ஓட்டிக் கணினியில் பதிவு செய்தார்கள். குறுந்தட்டில் ஒரு வினாடி ஒலிக்கு 44,100 மாதிரிகள்; இவர்கள் எடுத்ததோ 192,000. ஒவ்வொரு பாடலும் முடிந்தபின் கருவியில் படிந்த தூசியைத் துடைத்துவிட்டே அடுத்த பாடலைத் தொட்டார்கள். மின்சாரத்தால் வந்த ‘கிளிக்’ ஒலிகளையும், ஒலிவாங்கியில் மூச்சு மோதிய ‘பட்’ ஒலிகளையும் நீக்கினார்கள். ஆனால் பாடகரின் மூச்சு, இருமல், நாற்காலியின் கிறீச்சொலி ஆகியவற்றைத் தொடவில்லை. நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் மென்பொருளை, மொத்தம் 525 நிமிட இசையில் ஐந்து நிமிடத்திற்கும் குறைவாகவே பயன்படுத்தினார்கள். கருவியின் பிழை வேறு, மனிதரின் தடம் வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள்.

‘பிளீஸ் பிளீஸ் மீ’ பாடலின் ஸ்டீரியோ வடிவில் கடைசிச் சரணத்தில் லெனன் வரியை மாற்றிப் பாடிவிட்டுச் சிரிப்பை அடக்க முயல்வது கேட்கும். மோனோவில் அப்பிழை இல்லை. 2009 பதிப்பிலும் ஸ்டீரியோவில் அப்பிழை அப்படியே இருக்கிறது.

இழந்தால் இழந்ததுதான்

இத்தொகுப்பில் ‘லவ் மீ டூ’, ‘பி.எஸ். ஐ லவ் யூ’ ஆகிய இரு பாடல்களின் இருதட மூல நாடாக்கள் இப்போது இல்லை. அதனால் 2009 ஸ்டீரியோ பதிப்பிலும் அவை மோனோவாகவே உள்ளன. எவ்வளவு உயர்ந்த தொழில்நுட்பமானாலும் பாதுகாக்கப்பட்ட மூலத்தின் மேல்தான் நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்று நிலைமை மாறிவருகிறது. ஒரே தடத்தில் கலந்துவிட்ட ஒலிகளைக் கணினியே பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. 2023 நவம்பரில் வெளிவந்த ‘1962-1966’ திரட்டின் புதிய பதிப்பில், இந்த முதல் தொகுப்பின் சில பாடல்கள் அவ்வாறு பிரிக்கப்பட்டுப் புதிதாகக் கலக்கப்பட்டுள்ளன. குழம்பிலிருந்து உப்பை எடுக்கும் வித்தை வந்தேவிட்டது! ஒற்றை இயர்போனோடு கேட்பவருக்கும் இனிக் குரல் கிடைக்கும்.

அப்படியானால் பழையது தேவையில்லையா? தேவை என்பதே என் கருத்து. புதிய கலவை வரட்டும். தன் பெயரோடு, தன் ஆண்டோடு வரட்டும். ஆனால் அது பழையதன் இடத்தில் உட்காரக்கூடாது. செல்லரித்த ஏட்டைப் பதிப்பிப்பவர் எழுத்தைத் துலக்கிக் காட்டலாம். விடுபட்ட அடியைத் தாமே எழுதிச் சேர்த்துவிட்டு அதுவே மூலம் என்று சொல்லலாமா? திருத்த முடியாத காலத்தில் திருத்தாமல் விட்டது பெரிதன்று. திருத்த முடிகின்ற காலத்தில் எதைத் திருத்தாமல் விடுகிறோம் என்பதில்தான் மூலத்தின் மீது நாம் வைத்திருக்கும் மதிப்பு தெரியும்.

புது இயர்போன் வாங்கியபின் மீண்டும் ‘டுவிஸ்ட் அண்ட் ஷவுட்’ கேட்டேன். சளி பிடித்த, பகலெல்லாம் பாடிக் களைத்த, 22 வயது இளைஞன் ஒருவனின் கிழிந்த குரல். எனக்கும் அதே வயதுதான். அந்தக் கிழிசலை யாராவது அன்போடு தைத்துச் சரிசெய்திருந்தால், அந்த நாளையே நான் இழந்திருப்பேன்.

நண்பர்களே, ஒருமுறை இத்தொகுப்பின் ஸ்டீரியோ பதிப்பைக் கேளுங்கள். முதலில் இடக்காதில் மட்டும், பிறகு வலக்காதில் மட்டும், அதன்பின் இரண்டிலும். ஒரு பழைய கூடத்தின் கதவு உங்களுக்கும் திறக்கும்.