எல்லையில் கணவன், வாய்தாவில் வழக்கு

முகூர்த்த நாளில் திருத்தணி மலைமேல் மாலையும் கழுத்துமாய் நிற்கும் ஜோடிகளைப் பார்த்தாலே மனசு நிறைந்துவிடும். வள்ளியை முருகன் கைப்பிடித்த தலம் என்பதால், ஆந்திரப் பக்கம் நகரியிலும் புத்தூரிலும் பெண் எடுத்தவர்கள்கூட தாலி கட்ட இங்கே வருகிறார்கள். மாப்பிள்ளைகளில் பட்டாளத்துக்காரர்களும் உண்டு. பழைய வடாற்காட்டு ஊர்களுக்கு ராணுவம் புதிதல்ல. பக்கத்து அரக்கோணத்தில் 1992 முதல் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமான தளமும் இருக்கிறது.

அப்படிச் சேர்ந்த தம்பதிக்கு ஒத்துவராமல் போனால்? பிரிவது அவமானமில்லை. ஆனால், விவரம் தெரியாமல் பிரிந்து, சட்டம் தந்திருக்கும் உரிமையை இருவருமே கோட்டை விடுவதுதான் கொடுமை.

முத்திரைத்தாள் விவாகரத்து ஆகாது

முதல் தவறு ஊருக்குள்ளேயே நடக்கிறது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, நகையைத் திருப்பிக் கொடுத்து, முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி, ‘தீர்த்துவிட்டாச்சு’ என்கிறார்கள். அப்படிப் பிரியும் வழக்கம் தங்கள் சமூகத்தில் காலங்காலமாக உண்டென்று நிரூபித்தால் ஒழிய, 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் முன் அந்தத் தாள் நிற்காது. அதை நம்பி ராணுவ வீரர் மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றம். துறை நடவடிக்கையும் பாயும். யூனிட்டின் ‘பார்ட் டூ ஆர்டர்’ எனும் பதிவில் முதல் மனைவியின் பெயரே தொடரும். நாளை குடும்ப ஓய்வூதியம் என்று வரும்போது, இரண்டாவதாக வந்த பெண் வெறுங்கையோடு நிற்பார்.

இருவரும் மனமொத்துப் பிரிய, அதே சட்டத்தின் 13-பி பிரிவு இருக்கிறது. ஓராண்டு தனித்து வாழ்ந்திருந்தால் மனு போடலாம். அதன் பிறகான 6 மாதக் காத்திருப்பை, தக்க காரணம் இருந்தால் நீதிமன்றமே தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எந்த ஊர் கோர்ட்?

1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தது. அதனால் நகரி, புத்தூர் சம்பந்தம் என்றால் இரண்டு மாநில விவகாரம். மாநில எல்லைக்கு இரு பக்கமும் இந்து திருமணச் சட்டம் ஒன்றுதான், கோர்ட்தான் வேறு. கல்யாணம் நடந்த ஊர் என்று கணவர் திருத்தணிப் பக்கம் மனு போடலாம். 2003-ல் வந்த திருத்தத்தின்படி மனைவி, தான் வசிக்கும் ஆந்திர ஊரிலேயே போடலாம். இரண்டு மாநிலத்தில் இரண்டு வழக்கு ஓடினால், ஒன்றை மாற்றக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டும். மனு போடும் முன்பே இதை வக்கீலிடம் பேசிவிட வேண்டும்.

லீவு கிடைக்காத வீரர்

வாய்தாவுக்கு வர முடியாமல் வழக்கு ‘எக்ஸ்பார்ட்டி’ (ஒருதலைத் தீர்ப்பு) ஆகிவிடுமோ என்பது வீரர்களின் பெரிய பயம். வழக்குக்காக லீவு தரப்பட்டிருக்கிறது அல்லது கேட்கப்பட்டிருக்கிறது என்ற சான்றிதழை ராணுவ அதிகாரியிடம் வாங்கித் தாக்கல் செய்தால், கூடுமானவரை அந்த லீவுக்குள்ளேயே விசாரணையை முடிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்யவேண்டும். 1950-ம் ஆண்டின் ராணுவச் சட்டம் 32-வது பிரிவு தரும் உரிமை இது. போர்முனை போன்ற சூழலில் இருப்பவருக்காக வழக்கைத் தள்ளிவைக்க 1925-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

ஜீவனாம்சத்துக்கு வழி

‘மிலிட்டரி சம்பளத்தில் யாரும் கை வைக்க முடியாது’ என்று மனைவியை மிரட்டுவார்கள். பாதிதான் உண்மை. சம்பளத்தை சிவில் கோர்ட் ஜப்தி செய்ய ராணுவச் சட்டத்தின் 28-வது பிரிவு தடை போடுகிறது. ஆனால், மனைவி மக்களின் பராமரிப்புக்காக ராணுவமே பிடித்தம் செய்ய அதே சட்டத்தின் 90, 91 பிரிவுகள் வழிவிடுகின்றன. 2001-ம் ஆண்டின் ராணுவ ஆணைப்படி மனைவிக்கு 22 சதவீதம், ஒவ்வொரு குழந்தைக்கும் 5.5 சதவீதம், மொத்தம் 33 சதவீதத்துக்கு மிகாமல். சம்பளமும் படிகளும் சேர்த்து 50,000 ரூபாய் என்றால், மனைவிக்கும் ஒரு குழந்தைக்கும் 13,750 ரூபாய். திருமணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்றுடன் கமாண்டிங் ஆபீசருக்கு விண்ணப்பிக்கலாம். கோர்ட் உத்தரவு கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கோர்ட்டுக்குப் போனால், இரு தரப்பும் வருமானம், சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட நாளிலிருந்தே கணக்காகும். இவை 2020-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள். கணவரின் சம்பளச் சீட்டை வரி வரியாகப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம், ஜவான்களுக்கு 5,200 ரூபாய் ராணுவ சேவை ஊதியம், அகவிலைப்படி, சேமநிதி, கடன் பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். கைக்கு வரும் தொகையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

உரிமை கேட்டு எழுதுவது வேறு, பழி தீர்க்க எழுதுவது வேறு. ராணுவ அதிகாரியான கணவர் மீது மேலிடங்களுக்கு அவதூறுப் புகார்களை அனுப்பி, அவருடைய பணிவாழ்வையே கெடுத்தது மனரீதியான கொடுமை என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விவாகரத்து வழங்கியது.

வக்கீல் பீஸுக்கு வழியில்லையே என்று பெண்கள் ஒதுங்க வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி வருமான வரம்பே இல்லாமல் அவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். வீரர் குடும்பங்களுக்காக 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தனித் திட்டமே தொடங்கியிருக்கிறது.

குழந்தை இருந்தால் இன்னொன்று. ‘ஞாயிறுதோறும் அப்பா பார்க்கலாம்’ என்ற வழக்கமான உத்தரவு, வடக்கே பனிமலையில் நிற்பவருக்குப் பயன்படாது. அவருடைய ஆண்டு விடுப்பு நாள்களை ஒட்டிக் குழந்தை அப்பாவோடு தங்க, மற்ற நாள்களில் வீடியோ காலில் பேச, இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவில் உத்தரவு கேளுங்கள். இதைக் கேட்பது அப்பாவின் வேலை மட்டுமல்ல, அம்மாவும் சேர்ந்து கேட்க வேண்டும். கணவன் மனைவி உறவைத்தான் விவாகரத்து முடிக்கிறது. பெற்றவர் பிள்ளை உறவை எந்தக் கோர்ட்டும் முடிப்பதில்லை.